திருவரங்கத்து மருத்துவர்

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரியாகவும் வடகிளை கொள்ளிடமாகவும் ஓட, அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் விளங்குகின்றது. கொள்ளிடத்தைக் கடந்து வடகரை ஏறினால் நெல்லுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பேர்போன மண்ணச்சநல்லூர். காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டை நகரம். இத்துணை நீர்வளம் வாய்ந்த நாட்டில் நீரினாலேயே மக்கள் மடிந்தனர் என்றால் மாணவர்கள் வியப்படைதல் கூடும். எனினும் அஃது உண்மையே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் வாந்திபேதி எனப்படும் காலரா, இவ்வாற்றங்கரை ஊர்களை அடிக்கடி வாரிக்கொண்டு சென்றது.

அத்திருவரங்கத்தில் 1880 ஆம் ஆண்டு பிறந்தவர் தி. சே. சௌ. ராஜன். வைதிக வைணவக் குடும்பம். செல்வம் மிகுதியாக இல்லை. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்று, பின் சென்னையில் மருத்துவம் கற்றார். சில காலம் பர்மாவில் இரங்கூன் நகரத்தில் தொழில் புரிந்தார். 1907 இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். அங்கே வ. வே. சு. ஐயர் முதலிய விடுதலை வேட்கை கொண்டோரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. பட்டம் பெற்று 1914 இல் திரும்பியவர், பெருநகரங்களில் பொருள் ஈட்டும் வாய்ப்பு இருந்தும், பிறந்த ஊரிலேயே மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். 1923 இல் திருச்சிராப்பள்ளியில் மருத்துவமனை நிறுவினார்.

அக்காலத்து ஊர் அமைப்பை அறிந்தாலன்றி அவர் பிற்காலத்தில் செய்த பணியின் பெருமை விளங்காது. காலரா நீரின் வழியே பரவுவது என்பதை, 1854 இல் இலண்டன் நகரத் தெரு ஒன்றில் நீரிறைக்கும் குழாயை ஆராய்ந்து ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டினார். 1884 இல் கல்கத்தாவில் ஆய்வு நிகழ்த்திய இராபர்ட் காக், அந்நோயின் கிருமியைக் குளத்து நீரிலும் கண்டார். நோயுற்றவரின் கழிவு கலந்த நீரைப் பருகுவோர் எவராயினும் அவரை நோய் பற்றும். கிருமி குலமும் பொருளும் பார்ப்பதில்லை. ஆயின் நீர் அவ்விரண்டையும் பார்த்தே பங்கிடப்பட்டது! வீட்டுக்குள் கிணறு உடையார் தூய நீர் பருகினர். சேரியில் வாழ்ந்தோரோ ஊர்ப்பொதுக் கிணற்றை அணுகவும் தடை இருந்தது. வாய்க்காலின் மேற்பகுதியில் ஊரார் குளித்துத் துணி துவைத்து விட்ட நீரே, கடைமடையில் வாழ்ந்த அவர்களுக்குக் குடிநீராயிற்று. கொதிக்கவைத்துப் பருகலாமே எனின், சோறாக்கவே சுள்ளி தேடி அலைபவர் நீருக்கு எங்ஙனம் விறகு தேடுவர்? நோயுற்ற உழவுக்கூலி ஒருநாள் படுத்தால் மறுநாள் அடுப்பு எரியாது. ஆகவே இயன்றவரையில் எழுந்து வயலுக்கே சென்றான்.

காற்றின் வழியே பரவும் நோயிலும் இவ்வேற்றுமை மாறவில்லை. 1918 இல் உலகெங்கும் நச்சுக்காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். பம்பாய் நகரத்தில் ஆயிரவருக்கு எத்துணைப் பேர் மாண்டனர் என்று கணக்கெடுத்தபோது, ஐரோப்பியரில் ஏறத்தாழ 8 பேரும், பிற இந்துக்களில் 19 பேரும், தாழ்த்தப்பட்டோரில் 61 பேரும் எனக் காணப்பட்டது. ஒரே நகரம், ஒரே காய்ச்சல். இடமும் உணவும் பணிவிடையும் மட்டுமே வேறு.

ராஜன் அரசியலில் ஈடுபட்டதை விரிக்கிற் பெருகும். 1930 ஏப்ரல் 13 ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்திற்கு உப்பு எடுக்கப் புறப்பட்ட தொண்டர் படை, ராஜனின் திருச்சிராப்பள்ளி இல்லத்தினின்றே புறப்பட்டது என்பதையும், அப்போராட்டத்தில் அவர் சிறை புகுந்தார் என்பதையும் சொல்லியமைவோம். ஒடுக்கப்பட்டோர் நலத்திற்கென 1932 இல் தோன்றிய அரிசன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கும் அவர் தலைமை தாங்கினார்.

1937 இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானபோது, பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் ராஜனிடம் ஒப்படைக்கப்பட்டன. இவை தொடர்பற்ற துறைகளாகத் தோன்றும். ஆனால் இலட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாக்களிலிருந்தே காலரா ஊர்தோறும் கொண்டுசெல்லப்பட்ட காலம் அது. வைகுந்த ஏகாதசிக் கூட்டத்தை இளமை முதற் கண்ட திருவரங்கத்தார்க்கு அத்தொடர்பை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1938 இல் எம். சி. ராஜா கொண்டுவந்த சட்டம், பொதுக்கிணறு, பொதுவழி முதலியவற்றினின்று தாழ்த்தப்பட்டோரைத் தடுத்தல் குற்றம் என்றது. மறு ஆண்டில் ராஜன் துறையின் பெருஞ்செயலாகிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது.

குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், திருவிழாக் காலத்துத் தூய்மை ஆகியன யாவும் அதன்கண் அடங்கின. நகராட்சிகள் தம் வருவாயில் நூற்றுக்கு 30 பங்கிற்கும், மாவட்டக் கழகங்கள் 12½ பங்கிற்கும் குறையாமல் சுகாதாரத்திற்கென ஒதுக்குதல் வேண்டும் என்ற விதியே அதன் உயிர்நாடி. நல்ல நீர் பெறுதல் கருணையால் வருவதன்று, கடமையால் வருவது என்று சட்டம் கூறியது இதனாலேயே. குறையும் இல்லாமலில்லை. வருவாய் சிறிதாகிய வறிய மாவட்டத்தில் பங்கும் சிறிதே ஆகும். நோய் மிகுந்த இடத்தில் பணம் குறைந்து நிற்கும். அன்றியும், தக்க உறைவிடம் இல்லாத தொற்றுநோயாளரை மருத்துவமனைக்கு அகற்ற அதிகாரிக்கு உரிமை தரப்பட்டது. பல அறைகள் கொண்ட வீட்டினர் நோயாளியைத் தம்மோடு வைத்துக்கொள்ளலாம். ஓரறைக் குடிசையினர்க்கு அந்த உரிமை இல்லை.

சட்டம் தோன்றிய அவ்வாண்டிலேயே, இரண்டாம் உலகப்போரை முன்னிட்டு அமைச்சரவை பதவி துறந்தது. விடுதலைக்குப்பின் ஓமந்தூரார் அமைச்சரவையிலும் இடம்பெற்ற ராஜன், தம் வாழ்க்கை வரலாற்றை நினைவு அலைகள் என்னும் நூலாக எழுதி, 1953 இல் மறைந்தார். அவர் காலத்துச் சட்டம் பின்னரும் நிலைத்தது. 2020 இல் கொரோனா பரவியபோது, முகக்கவசம் முதலிய விதிகளை மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கத் தமிழ்நாட்டு அரசு திருத்தியமைத்தது அந்த 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தையே.