வயலின் மேதை கிரைஸ்லர்

இசைக் கலைஞர் மறைந்தாலும் இசைத்தட்டு அவரை மறைய விடுவதில்லை. அவ்வாறு இன்றும் நம் செவியில் வாழ்பவர்களுள் ஒருவர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர்.

1875 பிப்ரவரி 2-ஆம் நாள் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஒரு மருத்துவரின் மகனாக அவர் பிறந்தார். ஏழாம் வயதில் அந்நகரின் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். பத்து வயதில் தங்கப் பதக்கமும், பன்னிரண்டு வயதில் பாரிஸ் இசைக்கல்லூரியின் முதற்பரிசும் பெற்றார். அதன்பின் அவர் எந்த ஆசிரியரிடமும் வயலின் பயிலவில்லை.

இத்தகைய சிறுவனுக்கு வாழ்க்கை எளிதாகவே அமைந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பியவர் வயலினை ஒதுக்கிவிட்டு மருத்துவம் படித்தார். பின்னர் இராணுவத்தில் பணியாற்றினார். மீண்டும் இசைக்கே வந்து, வியன்னா அரசவை இசைக்குழுவில் ஓர் இடம் கேட்டபோது, அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1899-இல் பெர்லினில், நிக்கிஷ் நடத்திய இசைக்குழுவுடன் வாசித்து உலகப் புகழ் பெற்றார்.

அவர் பெயரோடு இணைந்த பெரும் படைப்பு பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோ. தனி வயலினும் முழு இசைக்குழுவும் இணைந்து முக்கால் மணி நேரம் அளவுக்கு வாசிக்கும் இப்படைப்பு, 1806-இல் வியன்னாவில் அரங்கேறியது. பின்னர்ப் பல ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1844-இல் பன்னிரண்டு வயது ஜோக்கிம் இலண்டனில் வாசித்த பிறகே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது.

கிரைஸ்லர் இதனை இருமுறை இசைத்தட்டில் பதிவு செய்தார். 1926-இல் பெர்லினில் லியோ பிளெக் நடத்திய இசைக்குழுவுடன் வாசித்தபோது அவருக்கு வயது 51. 1936-இல் இலண்டனில் பார்பிரோலி நடத்திய இசைக்குழுவுடன் வாசித்தபோது வயது 61. ஒலியை மின்னோட்டமாக மாற்றும் மைக்ரோபோன் 1925-இல்தான் இசைத்தட்டுத் தொழிலுக்குள் வந்தது. எனவே முதற்பதிவு அம்முறையின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே அடங்கும். ஆகவே நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும். ஒரு சுரம் தவறினால் அப்பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

பிற்காலத்தில் காந்த நாடா வந்தது. தவறிய பகுதியை வெட்டி ஒட்ட முடிந்தது. ஸ்டீரியோ வந்ததும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தெளிந்தது. ஹைஃபெட்ஸ் 1955-இல் பாஸ்டன் இசைக்குழுவுடன் செய்த பதிவு விரைவும் கூர்மையும் உடையது. 1979-இல் கராயன் நடத்த, இளம்பெண் ஆன்-சோஃபி முட்டர் செய்த பதிவு அகன்று, நிதானமாகச் செல்வது. இவற்றின் தெளிவு கிரைஸ்லரின் தட்டுகளில் இல்லை; கீறல் ஒலியும் இரைச்சலும் உண்டு. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அவருடைய விரலும், இடைவிடாமல் நடுங்கும் கனிந்த நாதமும், பேசுவதுபோல் வாசிக்கும் இயல்பும் புதிய பதிவுகளில் அரிது. இரண்டு தட்டுகளுள் இசைக்குழுவின் ஒலி பிந்தியதில் தெளிவு. வயலினின் இளமை முந்தியதில் மிகுதி.

பழையதா, புதியதா என்று வழக்காடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இசைக்குழு ஓய்ந்து வயலின் மட்டும் ஒலிக்கும் பகுதிக்குக் கடென்சா என்று பெயர். இந்தக் கன்செர்ட்டோவுக்குக் கிரைஸ்லர் எழுதிய கடென்சாவையே முட்டரும் வாசிக்கிறார். இன்றைய கலைஞர் பலரும் வாசிக்கின்றனர். புதிய இசைத்தட்டிலும் பழைய கிரைஸ்லர் இருக்கிறார்.

அவர் குறையே இல்லாதவர் அல்லர். தாம் இயற்றிய சில சிறு படைப்புகளைப் பழங்கால இசைவாணர்கள் இயற்றியவை என்று நெடுங்காலம் கூறிவந்தார். 1935-இல் உண்மையை ஒப்புக்கொண்டார். சிலர் சினந்தனர். இசையை மட்டும் எவரும் வெறுக்கவில்லை.

1914-இல் முதல் உலகப் போரில் காயமுற்றார். இட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் வாசிக்க மறுத்தார். 1941-இல் நியூயார்க் வீதியில் வண்டி மோதிப் பல நாள் நினைவிழந்து கிடந்தார். பிழைத்தெழுந்து மீண்டும் மேடையேறினார். 1962 ஜனவரி 29-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

இசைக்குழுவின் ஒரு நாற்காலி மறுக்கப்பட்டவரின் கடென்சா, இன்று உலகின் பெரிய இசைக்குழுக்கள் மௌனமாகக் காத்திருக்க ஒலிக்கிறது. ஒரு கதவு மூடியதும் வாழ்வே முடிந்ததென்று கலங்கும் நம்மைப் போன்ற இளைஞர் அறிய வேண்டிய வாழ்க்கை இது.