டென்னிஸ் ரிட்ச்சி

டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்ச்சி (செப்டம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். சி நிரலாக்க மொழியை உருவாக்கியவர் இவரே. கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயங்குதளத்தை வடிவமைத்தவர். கணினியில் தாம் பயன்படுத்திய டி.எம்.ஆர் என்ற மூன்றெழுத்துப் பயனர் பெயராலும் இவர் பரவலாக அறியப்பட்டார்.

இயங்குதளம், கம்பைலர் எனப்படும் தொகுப்பி, வன்பொருள் இயக்கி முதலிய அடித்தள மென்பொருள்களை எழுதுவதற்கான மொழிகள் அமைப்பு நிரலாக்க மொழிகள் எனப்படுகின்றன. அவற்றுள் மிகப் பரவலாகப் பயன்படுவது சி ஆகும். உலகுக்கு ஒரு புதிய மொழியைத் தரவேண்டும் என்ற நோக்கில் ரிட்ச்சி இதைத் தொடங்கவில்லை. தாமும் தம் நண்பர்களும் அன்றாடம் பயன்படுத்திய ஒரு சிறு கணினியில் வேலை நடப்பதற்காகவே இதைப் படிப்படியாக உருவாக்கினார். அம்மொழியின் வலிமைகளும் குறைகளும் பெரும்பாலும் அந்தச் சூழலில் இருந்தே வந்தவை.

இளமையும் கல்வியும்

ரிட்ச்சி நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிட்ச்சி பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர்; நிலைமாற்று மின்சுற்றுகளின் வடிவமைப்பைப் பற்றி 1951-இல் வெளிவந்த நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். ரிட்ச்சியின் சிறு வயதிலேயே குடும்பம் நியூ செர்சி மாநிலத்தின் சம்மிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக் கல்வியை அங்கு முடித்த ரிட்ச்சி, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1963-இல் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

இவருடைய ஆய்வேடு நிரலின் கட்டமைப்புக்கும் கணிப்புச் சிக்கலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. 1968-இல் அது எழுதி முடிக்கப்பட்டது. எனினும் முனைவர் பட்டம் இவருக்கு முறைப்படி வழங்கப்படவே இல்லை. கட்டமைத்த படியொன்றை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ரிட்ச்சி அதைச் செய்யவில்லை. கட்டுவதற்கான செலவை நூலகமே ஏற்கவேண்டும் என்று அவர் கருதியதாக உடன் பயின்ற ஆல்பர்ட் மேயர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பல பத்தாண்டுகள் காணக் கிடைக்காமல் இருந்த அந்த ஆய்வேட்டைப் பற்றிய செய்தியை 2020-இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது.

பெல் ஆய்வுகூடமும் யுனிக்சும்

1967-இல் நியூ செர்சியின் மரே கில்லில் உள்ள பெல் ஆய்வுகூடத்தில் ரிட்ச்சி சேர்ந்தார். அப்போது அந்நிறுவனம், மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடனும் செனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துடனும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. பணி நீண்டுகொண்டே போனது, செலவும் ஏறியது. 1969-இல் பெல் ஆய்வுகூடம் அத்திட்டத்திலிருந்து விலகியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் வசதிக்குப் பழகிவிட்ட ஆய்வாளர்கள், அது கைவிட்டுப் போனதும் தமக்கென ஒன்றை உருவாக்க முனைந்தனர்.

அவ்வாண்டில் தாம்சன், அதிகம் பயன்படுத்தப்படாதிருந்த பிடிபி-7 என்ற சிறு கணினியில் யுனிக்சின் முதல் வடிவத்தை எழுதினார். அதன் நினைவகம் 18 பிட்டு கொண்ட 8192 சொற்கள் மட்டுமே. 1970-இல் பிடிபி-11 கணினி வாங்கப்பட்டது. ஆவணங்களைத் தயாரிக்கும் மென்பொருள் செய்யப்போவதாகக் கூறித்தான் அதற்கு அனுமதி பெற்றனர். அந்தக் கணினியில் இருந்தது 24 கிலோபைட்டு நினைவகம். அதில் 16 கிலோபைட்டு இயங்குதளத்துக்கும் 8 கிலோபைட்டு பயனர் நிரலுக்கும் ஒதுக்கப்பட்டன. இன்று ஒரு சிறிய நிழற்படக் கோப்பு கூட இதற்குள் அடங்காது. நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவினர் அதிலேயே தம் ஆவணங்களைத் தட்டச்சு செய்தனர்.

யுனிக்சில் ரிட்ச்சியின் தனிப் பங்களிப்புகளுள் ஒன்று, பயனர் அடையாளத்தைத் தற்காலிகமாக மாற்றித்தரும் அனுமதிப் பிட்டு ஆகும். ஒரு பயனர் தம் கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமானால் கடவுச்சொற் கோப்பில் எழுதியாக வேண்டும். ஆனால் அக்கோப்பில் எழுதும் உரிமை அவருக்கு இருக்கக்கூடாது. கடவுச்சொல்லை மாற்றும் நிரலுக்கு மட்டும், அது ஓடும் நேரத்தில், அதன் உரிமையாளருடைய அதிகாரத்தைத் தருவது ரிட்ச்சியின் தீர்வு. இதற்கான காப்புரிமை 1979-இல் வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

பி மொழியிலிருந்து சி மொழிக்கு

கேம்பிரிட்சைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960-களின் நடுவில் பிசிபிஎல் என்ற மொழியை வடிவமைத்திருந்தார். தாம்சன் அதைச் சுருக்கிப் பி என்ற மொழியை உருவாக்கினார். இவ்விரு மொழிகளிலும் தரவினங்கள் கிடையா. எழுத்தாயினும் எண்ணாயினும் நினைவக முகவரியாயினும் எல்லாம் ஒரே அளவுள்ள ஒரு சொல்தான்.

பிடிபி-7 கணினியில் இதனால் தொல்லை இல்லை. பிடிபி-11 வந்தபோது சிக்கல் எழுந்தது. ஒரு தெருவில் வீட்டுக்கு ஓர் எண் என்றிருந்தால், அடுத்த வீட்டின் எண்ணை அறிய ஒன்றைக் கூட்டினால் போதும். பிடிபி-11 கணினியிலோ அறைக்கு ஓர் எண் தரப்பட்டிருந்தது. ஓர் எழுத்து ஓர் அறையில் அடங்கும். ஒரு முழு எண்ணுக்கு இரண்டு அறைகள் வேண்டும். அடுத்ததற்குச் செல்ல எத்தனை கூட்டவேண்டும் என்பதை அறிய, அங்கிருப்பது எழுத்தா எண்ணா என்பது தொகுப்பிக்குத் தெரிந்தாக வேண்டும். இதற்காக ரிட்ச்சி 1971-இல் பி மொழியில் தரவினங்களைச் சேர்க்கத் தொடங்கினார். பி மொழி நிரல்கள் மெதுவாக ஓடியதால், நேரடியாக எந்திரக் கட்டளைகளை உண்டாக்கும் தொகுப்பி ஒன்றையும் எழுதினார். இந்த இடைநிலை வடிவம் புதிய பி எனப்பட்டது. 1972-இல் அது சி எனப் பெயர் பெற்றது.

மொழி வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவு இக்காலத்தில் எடுக்கப்பட்டது. யுனிக்சில் கோப்பு அடைவின் ஒவ்வொரு பதிவும் வட்டில் 16 பைட்டு இடம் பெற்றது: 2 பைட்டில் ஓர் எண், 14 பைட்டில் கோப்பின் பெயர். இதை ஸ்ட்ரக்சர் எனப்படும் கட்டமைப்பாக மொழியில் அப்படியே எழுத ரிட்ச்சி விரும்பினார். ஆனால் பி மொழியில், அரே எனப்படும் அணி ஒவ்வொன்றுக்கும், அதன் தொடக்க இடத்தைக் காட்டும் பாயின்டர் ஒன்று நினைவகத்தில் தனியே வைக்கப்பட்டது. 14 எழுத்துகள் கொண்ட அணிக்குள் அப்படியொரு பாயின்டரை எங்கே ஒளித்து வைப்பது? வைத்தால் நினைவகத்தில் உள்ள வடிவம் வட்டில் உள்ள வடிவத்தோடு பொருந்தாது.

ரிட்ச்சி அந்தத் தனிப் பாயின்டரையே நீக்கிவிட்டார். அணியின் பெயர் ஒரு கோவையில் வரும்போது மட்டும், அதன் முதல் உறுப்பைக் காட்டும் பாயின்டராகத் தொகுப்பி அதை மாற்றிக்கொள்ளும் என விதி செய்தார். இதனால் சி மொழியின் கட்டமைப்புகள் வட்டிலோ வன்பொருளிலோ உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் சட்டகங்களாயின. இயங்குதளம் எழுதுபவருக்கு இதைவிட ஏற்ற வசதி இல்லை. இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாயின்டராக மாறிய அணி தன் நீளத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்வதில்லை. எல்லையைத் தாண்டி எழுதுகிறோமா என்பதை நிரலர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 8 கிலோபைட்டில் ஓடவேண்டிய நிரலுக்கு அது நியாயமான ஏற்பாடாகவே இருந்தது.

1972-இல் தாம்சன் யுனிக்சைச் சி மொழியில் எழுத முயன்று கைவிட்டார். அப்போது மொழியில் கட்டமைப்புகள் இல்லை. அவை சேர்ந்தபின், 1973 கோடையில் யுனிக்சின் கருவகம் முழுவதும் அசெம்பிளி மொழியிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது.

கருவிகளும் நூலும்

சி மொழியோடு அதற்கான கருவிகளும் வளர்ந்தன. தொகுப்புக்கு முன் நிரலைத் திருத்தித் தரும் முன்செயலி 1973 வாக்கில் சேர்க்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை ரிட்ச்சியும் ஸ்டீபன் சான்சனும் பிறரும் யுனிக்சை இன்டர்டேட்டா 8/32 என்ற வேறு வகைக் கணினிக்குக் கொண்டு சென்றனர். இயங்குதளம் என்பது ஒரு குறிப்பிட்ட எந்திரத்துக்கே உரியது என்ற எண்ணம் நிலவிய காலம் அது. இம்முயற்சியின்போது, எண்ணையும் பாயின்டரையும் வேறுபாடின்றிக் கலந்து எழுதும் பழக்கம் பெருந்தொல்லையாகத் தெரிந்தது. தொகுப்பியைக் கடுமையாக்குவதற்கு மாறாக, ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் லின்ட் என்ற தனி நிரலைச் சான்சன் எழுதினார். லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத்தூசி. தொகுப்பி கேட்டதைச் செய்யும். தூசி தட்டுவது தனிக் கருவியின் வேலை. இந்தப் பிரிவினை நெடுங்காலம் நீடித்தது.

1978-இல் பிரையன் கெர்னிகனும் ரிட்ச்சியும் எழுதிய சி நிரலாக்க மொழி நூல் வெளிவந்தது. 228 பக்கமே கொண்ட அந்நூல், முறையான தரநிலை வரும் வரை மொழியின் இலக்கணமாகவே கொள்ளப்பட்டது. அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் 1983-இல் ஒரு குழுவை அமைத்து 1989-இல் தரநிலையை வெளியிட்டது. ரிட்ச்சி அக்குழுவில் உறுப்பினர் அல்லர். பொதுவாக அதன் பணியில் தலையிடவும் இல்லை. ஆனால் 1988-இல் நோஏலியஸ் என்ற புதிய சொல்லைச் சேர்க்கக் குழு முனைந்தபோது மிகக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அது நீக்கப்பட்டது.

குறைகள்

சி மொழியின் குறைகளை ரிட்ச்சி மறைத்ததில்லை. 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் அவற்றைத் தாமே விளக்கினார். பிட்டுகளை ஒப்பிடும் செயற்குறிகளின் முன்னுரிமை வரிசை தவறாக அமைந்தது அவற்றுள் ஒன்று. பழைய பி நிரல்கள் பழுதாகக் கூடாது என்பதற்காக அவ்வரிசையை மாற்றாமல் விட்டனர். அப்போது இம்மொழியைப் பயன்படுத்திய கணினிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இன்றும் புதிதாகக் கற்கும் மாணவர்கள் அங்கே அடைப்புக்குறி இட மறந்து இடர்ப்படுகின்றனர்.

எல்லைச் சரிபார்ப்பு இல்லாமை இதைவிடப் பெரிய விளைவுகளைத் தந்தது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, 512 பைட்டு இடத்துக்குள் வரும் உரையின் நீளத்தைப் பாராமல் படித்துக்கொண்ட ஒரு நிரலின் வழியே கணினிகளுக்குள் நுழைந்தது. புழுவை எழுதிய மாணவர், ரிட்ச்சியுடன் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ராபர்ட் மோரிசின் மகன் என்பது ஒரு விந்தை. அந்நிரல் பயன்படுத்திய கெட்ஸ் என்ற செயற்கூறு, 2011 டிசம்பரில் வெளியான தரநிலையில்தான் மொழியிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் ரிட்ச்சி காலமாகியிருந்தார்.

தன் மென்பொருள்களில் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1 கருவகத்தில், சி மொழியுடன் ரஸ்ட் மொழிக்கும் முதன்முறையாக இடம் தரப்பட்டது.

பிற்காலமும் மறைவும்

ரிட்ச்சிக்கும் தாம்சனுக்கும் 1983-இல் டூரிங் விருது வழங்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தையும், 2011-இல் சப்பான் பரிசையும் இருவரும் சேர்ந்தே பெற்றனர். அவ்வாண்டு சப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும், பரிசு மரே கில்லிலேயே கொடுக்கப்பட்டது. யுனிக்சுக்குப் பின் பிளான் 9, இன்பெர்னோ ஆகிய இயங்குதளப் பணிகளிலும் ரிட்ச்சி பங்கேற்றார். 2007-இல் ஓய்வு பெற்றார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

2011 அக்டோபர் 12 அன்று நியூ செர்சியின் பெர்க்லி ஐட்ஸ் நகரில் உள்ள தமது இல்லத்தில் ரிட்ச்சி இறந்து கிடந்தது தெரியவந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு மறைந்த ஸ்டீவ் சாப்சுக்கு உலகெங்கும் முதற்பக்கச் செய்திகளும் அஞ்சலிகளும் வெளியாயின. ரிட்ச்சியின் மறைவு பெரும்பாலும் துறை சார்ந்தோரிடையே மட்டும் பேசப்பட்டது. ஆப்பிள் கணினிகளும் ஐபோனும் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளத்தில் ஓடுபவை. அவற்றுக்கான நிரல்கள் நெடுங்காலம் சி மொழியின் விரிவாக்கமான அப்செக்டிவ்-சி மொழியில் எழுதப்பட்டவை. 2011 நவம்பரில் வெளியான பெடோரா 16 லினக்ஸ் பதிப்பு ரிட்ச்சியின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் சி மொழி

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பல ஆண்டுகள் எல்லாப் பிரிவு மாணவர்களும் முதலாமாண்டில் சி மொழியைக் கற்றனர். கெர்னிகன், ரிட்ச்சி நூலின் இந்திய மலிவுப் பதிப்பும், அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் நூலும் இங்கு பெரிதும் பயன்பட்டன. ஆய்வகங்களில் போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி தொகுப்பி, அது காலாவதியான பின்னும் நெடுநாள் நிலைத்தது. நீலத்திரையில் எழுதிய முதல் நிரலையே சி மொழி என்று நினைவில் கொண்டிருப்போர் பலர். 2017 பாடத்திட்டத்தில் முதற்பருவப் பாடமாகப் பைத்தான் வந்தபின், சி கணினி சார்ந்த பிரிவுகளில் தொடர்ந்தது.

சென்னை சி-டாக் நிறுவனம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையத்துடன் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் இணைந்து செயற்பட்டது. அம்முயற்சியின் பயனாகப் பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி நுண்செயலியில் 2018-இல் லினக்ஸ் இயக்கிக் காட்டப்பட்டது. இவ்விரண்டிலும் உள்ள லினக்ஸ் கருவகம் சி மொழியில் எழுதப்பட்டதாகும்.