கள்ளுக்கடையை மூடிய ஓமந்தூரார்

திண்டிவனத்தை அடுத்தது ஓமந்தூர். அங்கே 1895-ல் பிறந்தவர் ஓ. பி. ராமசாமி ரெட்டியார். கதர் கட்டிய விவசாயி. 1947-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அந்நாளில் முதல்-மந்திரியைப் பிரதமர் என்றே அழைத்தார்கள்.

அப்போது குடியும் புகையும் இணைபிரியாத ஜோடி. கிளப்பில் துரைமார்களுக்குப் பீரும் திருச்சிச் சுருட்டும். கிராமத்திலோ கள்ளும் மலிவுச் சுருட்டும். கூலிக்காரனின் காசு இரண்டிலும் கரைந்தது. வீட்டிலே அடுப்பு எரியவில்லை.

1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியவர் ராஜாஜி. யுத்த காலத்தில் அது கைவிடப்பட்டது. 1946-ல் மீண்டும் சில ஜில்லாக்களில் வந்தது. 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். அன்று மாகாணம் முழுவதும் அமுல் ஆயிற்று! செய்தவர் ஓமந்தூரார்.

சர்க்காருக்குக் கோடிக்கணக்கில் வருமானம் போயிற்று. மரம் ஏறுவோர் பிழைப்பும் போயிற்று. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுங்கள் என்றது சர்க்கார். அது எல்லோருக்கும் சோறு போட்டுவிடுமா? சுருட்டை மட்டும் சட்டம் தொடவில்லை. ஜோடியில் ஒன்று போய், ஒன்று தங்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. அவர் ஊருக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. அங்கே மதுவிலக்கு இல்லை. விழுப்புரத்தில் ரயில் மாறினால் போதும், குடிக்கலாம்! எல்லைக்கு அப்பால் ஓமந்தூராரின் கை எட்டவில்லை.

கட்சிக்குள் எதிர்ப்பு மூண்டது. 1949-ல் பதவியை விட்டார். வள்ளலார் பக்தரான அவர் வடலூர் சென்று, சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்தார்.

1970-ல் ஓமந்தூரார் காலமானார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் திறந்தன.