வேலூர் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார்

இங்குள்ள வைத்தியர் கைவிரித்த பிணியாளரை இரயிலேற்றி வேலூருக்குக் கொண்டு சென்ற குடும்பங்கள் நம் சீத்தா கேம்பிலும் உண்டு. சென்று வந்தோரிடம் எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்கிறோம். இரவில் எத்தனைக் கட்டிலுக்கு ஒரு தாதி இருந்தார் என்று கேட்பதில்லை. அவ்வாஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரோ இக்கேள்வியைத் தம் வாழ்நாளெல்லாம் எண்ணியவர்.

அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷன் குடும்பமொன்றில் தோன்றினார். மருத்துவத்தில் அவருக்கு நாட்டமே இருந்ததில்லை. நோயுற்ற தாயாரைக் காணத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். டாக்டரான தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறியும், ஆடவர் தொடலாகாதென மறுத்தனர். பொழுது விடிந்தபோது அப்பெண்கள் மூவரும் உயிருடன் இல்லை. அம்மூன்று சாவுகளே அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பின. 1899-இல் கார்னெல்லில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய வைத்தியம் 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

கட்டில்கள் நாற்பது, டாக்டர் ஒருவர். முதலில் அவருக்குக் கைகொடுத்தவர் வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி. அறுவை ஓரிரு நாழிகையில் முடிந்துவிடும். அதன் பின்னரன்றோ ஆபத்து! உதிரப்போக்கு மிகுகிறதா, நாடி தளர்கிறதா, காய்ச்சல் ஏறுகிறதா என்று இரவெல்லாம் விழித்திருந்து காண்பவர் வேண்டும். நாற்பது பேரை ஒருத்தியே பார்த்தால், கடைசிக் கட்டிலினின்று முதற் கட்டிலுக்கு மீள்வதற்குள் காலங் கடந்துவிடும். சுற்றத்தார் விசிறலாம், கஞ்சி வார்க்கலாம். நாடியின் குறிப்பறிய மாட்டார்கள். ஆதலால் 1909-இல், டீலியா ஹவுட்டன் என்னும் தாதியின் துணைகொண்டு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது 1918-இல்தான். முதலில் தாதியர், ஒன்பது ஆண்டு கழித்தே டாக்டர்கள்!

பிற்காலத்தார் இதனைக் கணக்கிட்டே காட்டினர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு பிணியாளர் கூடுந்தோறும், அறுவை செய்துகொண்டோர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு பங்கு உயர்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் போதனா ஆஸ்பத்திரிகளில் மூவருக்கு ஒருவர், ஏனையவற்றில் ஐவருக்கு ஒருவர் என அளவு வகுத்துள்ளது. ஏட்டளவில்தான், என்று நம் சகோதரிகள் பெருமூச்செறிவர்.

பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் பணியை அக்காலத்துக் குடும்பங்கள் இழிவெனக் கருதின. (பெண் பார்க்கச் செல்லுங்கால், நர்ஸ் என்றதும் முகஞ்சுளிப்போர் இன்றும் நம்மிடையே உளர்.) அப்பணிக்கு வேலூரில் பட்டப்படிப்பே ஏற்பட்டது 1946-இல். அவ்வாண்டே பொறுப்புகளினின்று ஓய்வு பெற்ற அம்மையார், கோடைக்கானலில் 1960 மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.