ஆட்டக்களத்தினின்று ஆசிரியப் பீடம் வரை

ஹாக்கி என்றவுடன் தியான்சந்தின் பெயரே நம் நாவில் முதலில் வருகிறது. அவர் ஆடிய 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கியவர் யாரென நம் இல்லத்துப் பிள்ளைகளைக் கேட்டால், விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர்தான் ஜெய்பால் சிங் முண்டா.

இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில் உள்ள தக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடியில் 1903ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையில் மாடு மேய்த்தார். பின்னர் ராஞ்சியில் கிறித்தவ மிஷன் நடத்திய தூய பவுல் பள்ளியில் சேர்ந்தார். மாணவரின் அறிவுத் திறனைக் கண்டறிந்த அப்பள்ளித் தலைவர் காஸ்கிரேவ் பாதிரியார், அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று உயர்கல்விக்கு வழி செய்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற ஜெய்பால், ஹாக்கியிலும் பெரும்புகழ் பெற்றார்; ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வானார்.

அவர் அப்பணிக்கான பயிற்சியில் இருந்தபோது இந்திய அணியின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. விடுமுறை மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார். இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை எனினும், 29 கோல்கள் அடித்து, ஒரு கோலும் வாங்காது தங்கம் வென்ற அணியின் தலைவர் என்னும் சிறப்பு அவருக்கே உரியது. திரும்பியதும், விட்டுப்போன பயிற்சிக்காக மேலும் ஓராண்டு தங்க வேண்டுமென்று அதிகாரிகள் விதித்தனர். அதற்கு உடன்படாது, எவரும் ஏங்கும் அப்பதவியை அவர் துறந்தார்.

சில காலம் எண்ணெய் நிறுவனமொன்றில் பணியாற்றிய பின், 1934இல் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியின் ஆசிரியரானார். 1937இல் தாயகம் திரும்பி, ராய்ப்பூர் ராஜகுமார் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். கல்லூரி என்று பெயர் பெற்றிருப்பினும், அது சிற்றரசர், ஜமீன்தார் ஆகியோரின் மைந்தர்கள் பயில்வதற்கென நிறுவப்பட்ட பள்ளியே. ஒருகாலத்தில் மாடு மேய்த்த பழங்குடிச் சிறுவன், அரசிளங்குமரர்க்குத் தலைமை ஆசிரியராக வீற்றிருந்தான் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குலமும் செல்வமும் அளிக்காத அந்த இருக்கையைக் கல்வி அவருக்கு அளித்தது.

அங்கு அவர் நெடுங்காலம் தங்கவில்லை. பிகானேர் சமஸ்தானப் பணிக்குச் சென்றார். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்று, தம் மக்களிடமே திரும்பினார். 1946 முதல் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினரின் உரிமைக்காக வாதாடினார். பின்னர் மக்களவை உறுப்பினராகவும் விளங்கினார். 1970இல் மறைந்தார். அவர் கோரிய ஜார்க்கண்ட் தனி மாநிலம், அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உருவாயிற்று.

ஏழைச் சிறுவனொருவனின் திறமையை ஓர் ஆசிரியர் உணர்ந்தமையால் விளைந்த பயன் இது. எண்ணிக்கையில் சிறிய நம் சமூகத்தில் ஒரு பிள்ளையின் திறமையும் வீணாகலாகாது. விளையாட்டைக் கல்விக்குப் பகையெனக் கருதாது, நம் மக்களுக்கு இரண்டையும் அளிப்போமாக.