திப்புவின் நூலகம்

பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர் திப்பு சுல்தான். தந்தை ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் தமக்கு வாய்க்காத கல்வி மகனுக்கு வாய்க்க வேண்டுமென்று எண்ணி, ஆசிரியர்களை அமர்த்திப் பாரசீக மொழியைக் கற்பித்தார்.

இளமையிலேயே போர்க்களம் கண்ட திப்பு, 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் தந்தையுடன் சேர்ந்து கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார். அவ்வெற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரும் ஓவியமாகத் தீட்டப்பெற்றது. யானைமேல் அமர்ந்த தளபதிகளையும், பல்லக்கில் கலங்கியிருக்கும் பெய்லியையும் இன்றும் அங்கே காணலாம்.

1782இல் அரியணை ஏறிய திப்புவின் அரண்மனையில் ஏறத்தாழ 2,000 கையெழுத்து நூல்கள் இருந்தன. சமயம், சட்டம், மருத்துவம், வானியல், கவிதை எனப் பல துறைகளும் அவற்றில் அடங்கும். மன்னர்களும் படைத்தலைவர்களும் ஆற்றிய செயல்களைக் கூறும் வரலாறுகள் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் விலைகொடுத்து வாங்கியவை மிகச் சிலவே. பெரும்பாலானவை சவனூர், கடப்பை, ஆர்க்காட்டு நாடு ஆகிய பகுதிகளிலிருந்து போர்க்கொள்ளையாக வந்தவை. பிறர் இழந்த ஏடுகளைத் திப்பு பாழாக விடவில்லை என்பது உண்மை. பலவற்றுக்குப் புதிய அட்டை கட்டுவித்துக் காத்தார். தாம் கண்ட கனவுகளையும் ஓர் ஏட்டில் தம் கையாலேயே பாரசீகத்தில் எழுதி, எவரும் அறியாவண்ணம் மறைத்து வைத்திருந்தார்.

1791இல் பெங்களூர்க் கோட்டை கார்ன்வாலிஸின் படையிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு உடன்படிக்கையால் நாட்டில் பாதி கைவிட்டுப் போயிற்று. ஈட்டுத்தொகைக்குப் பிணையாக இரு இளமைந்தர்களையும் அவர் பகைவரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை தகர்க்கப்பட்டபோது, வாயிலருகே போரிட்டு மாண்டார்.

அரண்மனை சூறையாடப்பட்டது. போர்க்கொள்ளையாக வந்த நூல்கள் மீண்டும் போர்க்கொள்ளையாகவே புறப்பட்டன. பெரும்பகுதி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்தது. சில கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றன. கனவு ஏடும் அவ்வாறே இலண்டனை அடைந்தது. அக்கல்லூரியில் பாரசீகம் கற்பித்த சார்லஸ் ஸ்டூவர்ட், அந்நூல்களுக்கு விளக்க அட்டவணை ஒன்று தொகுத்து 1809இல் கேம்பிரிட்ஜில் அச்சிட்டார். அதன் முற்பகுதியில் ஹைதர், திப்பு இருவருடைய வாழ்க்கை வரலாறும் இடம்பெற்றுள்ளது.