பதினான்கு ஆண்டுத் தவம்
(யாழ்நூல் கண்ட சுவாமி விபுலானந்தர்)

மீன்பாடும் தேனாடாம் மட்டக்களப்பின் தென்பால், கடலோரத்தே அமைந்த காரைதீவு கண்ணகை அம்மன் அருளாட்சி செய்யும் பழம்பதியாகும். வைகாசி மாதம் வந்துவிட்டால் அவ்வூரிலே அம்மன் வழிபாடே பேச்சும் மூச்சுமாக இருக்கும். அத்தகைய ஊரிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் பிறந்தவர் மயில்வாகனன். பின்னாளில் சுவாமி விபுலானந்தர் என உலகம் அறிந்தவர் இவரே. கண்ணகியின் வரலாற்றைக் கூறும் சிலப்பதிகாரத்தில் இருந்து, மறைந்துபோன யாழை இவர் மீட்டெடுக்க வேண்டும் என்பது அம்மன் திருவுள்ளம் போலும்.

சுவாமிகளைப் பற்றிப் பேசுவோர் அவரது பட்டங்களையும் பதவிகளையும் எடுத்துக் கூறுவது வழக்கம். அவற்றை அடைவதற்கு அவர் தம்மைத் தாமே எவ்வாறு நெறிப்படுத்திக் கொண்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையில் அதுவே நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பகுதி.

ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஏடு தொடங்கிய சிறுவன், கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பதினாறாவது வயதில், 1908இல், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அக்காலத்தில் அந்தச் சித்தி ஒன்றே ஓர் இளைஞனுக்கு அரசாங்க உத்தியோகமும் ஊரில் மதிப்பும் தேடித்தரப் போதுமானது. மயில்வாகனனாரோ தாம் படித்த பாடசாலையிலேயே ஆசிரியராகிப் படிப்பைத் தொடர்ந்தார். 1911இல் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெற்றார். 1915இல் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் புகுந்து, அடுத்த ஆண்டு விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார்.

அதே 1916ஆம் ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் அவர் தேறினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இலங்கையில் இருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகச் சித்தியெய்தியவர் அவரே என்பர். ஒரு கையில் இரசாயனமும் பௌதிகமும், மறு கையில் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் என்று இரண்டு வேறு உலகங்களை ஒரே காலத்தில் ஒருவர் சுமப்பது எளிதன்று. விஞ்ஞானத்துக்குத் தமிழையோ தமிழுக்கு விஞ்ஞானத்தையோ பலி கொடுக்காமல், இரண்டுக்கும் உரிய நேரத்தை ஒதுக்கி அவற்றைக் காத்துக்கொண்டார்.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலிலே மாணவருக்குக் கற்பித்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் தாமே படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். அக்காலத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகம் இல்லை. வெளிவாரியாகப் படிப்பவருக்குப் புத்தகமும் மனவுறுதியுமே துணை. 1920ஆம் ஆண்டளவில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது. வயது முப்பதைத் தொடுமுன்னரே பட்டம், பதவி, புகழ் மூன்றும் கைக்கு வந்துவிட்டன.

அந்த இடத்திலே பலர் நின்றுவிடுவர். அவரோ 1922இல் அனைத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சென்றடைந்தார். அங்கே பிரம்மசாரியாகப் பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பெற்று, மடத்து வெளியீடுகளான இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பணியிலும் ஈடுபட்டார். 1924ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமியன்று, பகவான் ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் துறவு ஏற்றுச் சுவாமி விபுலானந்தர் ஆனார். அதிபராக இருந்து ஆணையிட்டவர், மடத்துக்கு வந்து இளந்துறவியாகப் பிறர் சொற்கேட்டு நடக்கப் பழகினார். பரீட்சைக்குப் படிப்பதிலும் கடினமான பயிற்சி இது.

துறவு அவரை உலகத்தில் இருந்து விலக்கவில்லை. இலங்கைக்குத் திரும்பி இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். கல்லடி உப்போடையில் தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவினார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் காரைதீவு சாரதா பெண்கள் பாடசாலையும் அவர் உழைப்பைக் கண்டவை. 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தனது முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே இருந்த காலத்திலும் பேராசிரியர் மாளிகையோடு நின்றுவிடாது, அருகே திருவேட்களத்தில் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். கோயிலும் பள்ளியும் எல்லோருக்கும் திறவாத காலம் அது.

இத்தனை பணிகளுக்கும் நடுவே அவர் உள்ளத்தில் ஒரு பெருங்குறிக்கோள் வேரூன்றியது. அதுதான் யாழ்.

தமிழர் தம் இசைக்கருவிகளிலே தலையாயது யாழ். திருஞானசம்பந்தப் பெருமானோடு தலந்தோறும் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்திலே யாழில் அடங்காத பண்ணைப் பெருமான் பாடியதால் யாழ்ப்பாணர் யாழையே முறிக்கத் துணிந்தார் என்ற வரலாற்றையும் பெரியபுராணம் கேட்ட அடியார்கள் அறிவார்கள். ஆனால் அந்த யாழ் எப்படி இருந்தது, அதில் எத்தனை நரம்பு, அவற்றை எப்படிச் சுருதி கூட்டினர் என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சியிருந்தவை நூல்களில் உள்ள சொற்கள் மட்டுமே.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், யாழாசிரியன் தகுதியைக் கூறும் சில அடிகள் உள்ளன. அடியார்க்கு நல்லார் உரை அவற்றுக்கு ஓரளவு விளக்கம் தரும். பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என்ற கணக்கு அவ்வுரையிலே கிடைக்கிறது. இவற்றைக் கொண்டு கருவியையும் அதன் இசையையும் மீட்டெடுக்கத் தமிழறிவு மட்டும் போதாது, கணிதம் வேண்டும், பௌதிகம் வேண்டும், இசையறிவும் வேண்டும். பரீட்சைக்காக இளமையில் படித்தது எதுவும் வீண்போகவில்லை என்பது இங்கே தெரிகிறது.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் கண்ட ஏழிசைகள். ஒரு நரம்பை முழு நீளத்தில் மீட்டினால் வரும் ஒலியைக் குரல் என்று கொண்டால், அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கிலே இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்கிலே உழை பிறக்கும். சரிபாதியிலே மேல் இயக்கத்துக் குரல் பிறக்கும். சுவாமிகள் இத்தகைய கணக்கைப் படிப்படியாக வளர்த்து, பழைய நூல்கள் கூறும் பாலைகளையும் பண்களையும் எண்களால் நிறுவினார். ஓரிடத்தில் கணக்குத் தவறினால் அதன்மேல் எழுப்பிய அனைத்தும் சரிந்துவிடும். பொறுமையற்றவர்க்கு இயலாத வேலை.

இந்த ஆராய்ச்சி பதினான்கு ஆண்டுகள் நீண்டது. அதற்கெனத் தனியான ஓய்வு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பாடசாலைகளின் பணமுடை, கட்டட வேலை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றோடு, தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் பணிக்காகச் சென்னைக்கும் சென்றார். 1939இல் சங்கம் கட்டளையிட்டபடி இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆச்சிரமத்தை அடைந்து, பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியரானார். அங்கும் யாழ் அவரோடு கூடவே சென்றது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். ஊரும் பணியும் மாறினாலும் எடுத்த கருமத்தை அவர் கைவிடவில்லை.

மாறிக்கொண்டிருந்தது உடல் ஒன்றுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் உடல்நலம் குன்றியது. நூல் முடியுமா, உடல் அதுவரை தாங்குமா என்று அன்பர்கள் அஞ்சிய காலமும் வந்தது. ஓய்வெடுத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாம் என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தைத் தவறென்று கூற முடியாது. தம்மை இவ்வளவு கடுமையாக நடத்தியது சரியா என்று கேட்கவும் தோன்றும். ஆயினும் அவர் ஓய்ந்திருந்தால் அந்தக் கணக்குகளை முடித்து வைக்க அக்காலத்தில் இன்னொருவர் இருந்தார் என்று சொல்லவும் இயலவில்லை.

நூல் நிறைவெய்தியது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட முன்வந்தது. அரங்கேற்றத்துக்குத் தெரிவாகிய இடம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில். ஆறு பெருக்கெடுத்து ஓடக்காரர் எவரும் துணியாதபோது சம்பந்தப் பெருமான் பதிகம் பாடி ஓடத்தைச் செலுத்திய திருத்தலம் அது. 1947ஆம் ஆண்டு யூன் மாதம், அறிஞர் பெருமக்கள் கூடியிருக்க, அங்கே யாழ்நூல் அரங்கேறியது. சுவாமிகளின் ஆராய்ச்சியின்படி செய்யப்பட்ட யாழ்கள் சபையிலே காட்டப்பட்டு இசைக்கப்பட்டன. நூற்றாண்டுக்கணக்காகப் பெயராக மட்டுமே இருந்த கருவியைக் கோயில் மண்டபத்திலே கண்ணாரக் கண்டு காதாரக் கேட்கும் பேறு அன்று கூடியிருந்தோருக்கு வாய்த்தது.

கொழும்புக்குத் திரும்பிய சுவாமிகள் அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை. 1947 யூலை 19ஆம் திகதி, ஐம்பத்தைந்தாவது வயதில் சமாதியடைந்தார். அன்னாரது பூதவுடல் மட்டக்களப்புக்கு எடுத்துவரப்பட்டு, கல்லடி உப்போடையில் அவர் கட்டி வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே, ஒரு மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டது. இறைவன் விரும்பும் மலர் யாது என்று அவர் பாடிய பாட்டு அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது.